செண்பகமும் தவளையும் ஒரு சட்டமூலமும்

யாழ்ப்பாணத்தில் சென்ற வாரம் காட்டுயிர்க் கண்காட்சி நடத்திய குழுவினருக்கு,

வணக்கம். வாயிலில் வைத்திருந்த கருத்துப் புத்தகத்தில் நான் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இடம் போதவில்லை.

ஈரவலயக் காட்டின் பறவையொன்றையும் மரத்தவளையொன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தீர்கள். நல்ல எண்ணம். ஆனால் இலங்கைக்கே உரிய அப்பறவைக்கு நீங்கள் இட்ட தமிழ்ப் பெயர் ‘பச்சைச் சட்டமூலக் குயில்’. சொண்டுக்கும் சட்டமூலத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பில்’ (bill) என்னும் ஒரே சொல் என்பது எனக்கு விளங்குகிறது, “இது பாராளுமன்றத்தில இருக்கிற குயிலோ, ரீச்சர்?” என்று கேட்ட தரம் ஏழு மாணவிக்கு விளங்கவில்லை. எங்கள் வேலியோரம் திரியும் செண்பகத்தின் உறவு அது, சொண்டு மட்டும் வெளிர்பச்சை என்று நான் சொன்னதும் அவள் மறுபடி நின்று பார்த்தாள்.

தவளையின் சிறு பலகையிலோ தமிழே இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நான் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொன்னது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காததால், அவர்கள் “தேரை” என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். நீள்மூக்குடைய அந்தத் தவளை நீருக்கு மேல் நீளும் கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுவதையும், பொரித்த வாற்பேத்தைகள் கீழேயுள்ள நீரில் விழுந்தே வளர்வதையும், எனவே கிளையை வெட்டினாலும் குட்டையைத் தூர்த்தாலும் அதன் சந்ததி அற்றுப்போகும் என்பதையும் அவர்கள் அறியவில்லை. பச்சைச் சொண்டுச் செண்பகம் அடர்ந்த புதரும் மூங்கிலும் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். தவளைக்கு மரமும் நீரும் ஒரே இடத்தில் வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலிலும் பறவையைவிட ஒரு படி கூடிய ஆபத்தில் இருப்பது தவளைதான். 2010 இல் அதன் பேரினத்துக்கு இட்ட ‘தருகா’ என்னும் பெயரிலுள்ள ‘தரு’ மரந்தான் என்பதை எங்கள் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்திருப்பார்கள், தமிழில் எழுதியிருந்தால்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பெயர்ப்பலகைகளுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும். பேருந்து நிலையத்திலும் மருந்து உறையிலும் இதே கதைதான். அது உங்கள் பிழையன்று, மன்னிக்கவும்.

கண்காட்சி அடுத்து கிளிநொச்சிக்குப் போகுமென அறிகிறேன். அதற்கு முன் இரண்டு பலகைகளையும் ஒரே அளவில், பிழையற்ற தமிழில் எழுதுவியுங்கள் என்று பணிவுடன் கேட்கிறேன். தமிழ் பார்க்க ஆளில்லையெனில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வுண்டு. கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு விஞ்ஞான ஆசிரியை