தரைக்குப் பிறகுதான் ஸ்கர்ட்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தை வாராவாரம் தவறாமல் படிப்பவள் நான். பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் டைல்ஸின் விலை, நிறம், வழுக்காத ரகம் எல்லாம் இருந்தன. தரை டைல்ஸ், சுவரின் அடியில் தரையோரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை என்று எந்த வேலை முதலில், எது பிறகு என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் என் வீட்டில் நேர்ந்ததை எழுதுகிறேன்.

இரணியலுக்குப் பக்கத்தில் எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், தார்சா என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை. மகளின் திருமணம் ஆவணியில் என்று முடிவானதும், வைகாசியில் வேலையைத் தொடங்கினோம். சுவர்ப் பூச்சை ஒருவரிடமும் தரையை வேறொருவரிடமும் பேசியிருந்தோம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. தரைக்கான டைல்ஸ் வந்து சேரவில்லை. ஸ்கர்ட்டிங்குக்கென்று வாங்கிய அடர்பழுப்பு டைல்ஸ் மட்டும் வாசல் படிப்புரையில் அடுக்கியிருந்தது. "சும்மா இருப்பதற்கு இதையாவது முடித்துவிடலாம்" என்றார் பூச்சு வேலைக்காரர். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், சரி என்று தலையாட்டினேன்.

தரை இந்த உயரத்தில்தான் வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, சுவரில் நூல் அடித்து, டைல்ஸ் நுழைவதற்குக் கீழே இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கை ஒட்டினார்கள். 18 அடி நீளமுள்ள பழைய தரை அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. தரைக்காரர் வந்து மட்டம் பிடித்தபோது அடுக்களைப் பக்கம் தரை உயர்ந்துவிட்டது. டைல்ஸ் அடியில் நுழையாததால் ஸ்கர்ட்டிங்கின் முகத்தில் முட்டும்படி வெட்டி வைத்தார்கள். 4 அங்குலப் பட்டை அங்கே 3 அங்குலமாகத் தெரிந்தது. படிப்புரைப் பக்கமோ ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்தார்கள்.

ஆடி பாதிக்குள் அந்த அடைப்பு மயிரிழையாக வெடித்தது. தரை துடைக்கும் தண்ணீர் உள்ளே போயிற்று. எறும்புகள் உள்ளேயிருந்து மண்ணை வெளியே தள்ளின. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சியதில் ஒரு முழ உயரத்துக்குப் புதிய பெயிண்ட் கொப்புளித்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மறைத்தோம். அன்று எனக்கு அழுகை வந்தது.

திருமணம் முடிந்து புரட்டாசியில், குளச்சல் பக்கத்திலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை வரவழைத்தேன். சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டீச்சர், ஓடு போடும்போது கீழ்வரியில் தொடங்குவோமா, முகட்டில் தொடங்குவோமா?" என்று கேட்டார். கீழ்வரியில் என்றேன். "மேல்வரி கீழ்வரியின்மேல் படிந்தால்தான் தண்ணீர் வெளியே வழியும். இதுவும் அதுதான்" என்றார். தரை முதலில். ஸ்கர்ட்டிங் அதன்மேல் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் துடைக்கும் தண்ணீர் இணைப்புக்குள் இறங்காது.

மற்றொரு காரணத்தையும் அவர் விளக்கினார். பழைய சுவர் எதுவும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்காது. தரை டைல்ஸைச் சுவரோடு முட்ட வைக்காமல் 5, 6 மில்லிமீட்டர் விட்டுத்தான் நிறுத்த வேண்டும். தரை விரிந்து சுருங்க அந்த இடம் தேவை. அந்த இடைவெளியையும் வெட்டிய ஓரத்தையும் மறைப்பதற்குத்தான் ஸ்கர்ட்டிங். அதை முன்பே ஒட்டிவிட்டால், மறைய வேண்டிய வெட்டு எல்லோர் கண்ணிலும் படும்.

ஸ்கர்ட்டிங் சுவரோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டுமானால், பூசும்போதே அடியில் 4 அங்குலத்தைப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் மேல் விளிம்பு துருத்திக்கொண்டு நின்று தூசி சேரும். சுவரை வழவழப்பாக்கும் பட்டியும் முதல் பெயிண்டும் தரைக்கு முன்பே முடியலாம். கடைசிப் பெயிண்ட் மட்டும் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு. பழைய தரையின்மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், தரை உயர்ந்துவிடும் என்பதால், கதவின் அடியை இழைக்க ஆசாரிக்கும் நாள் சொல்லிவைக்க வேண்டும். குளியலறையிலும் இதே முறைதான் என்றார். சுவர் டைல்ஸை இரண்டாம் வரியிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போய், தரை முடிந்த பிறகு அடிவரியைத் தரையின்மேல் உட்கார வைக்கிறார்கள்.

மரப்பலகைத் தரையில் இது இன்னும் முக்கியம். நாகர்கோவிலில் என் தம்பி மகன் ஸ்கர்ட்டிங்கை முதலில் அடித்துவிட்டுப் பலகையை அதோடு இறுக்கி விரித்தான். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துப் பருத்தது. விரிய இடமில்லாமல் அறை நடுவில் முதுகுபோல் எழும்பியது. சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டு விரித்து, பிறகு ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டும். பலகையோடு சேர்த்து ஆணி அடித்தால் அதன் அசைவு நின்றுபோகும்.

என் தார்சாவில் ஸ்கர்ட்டிங்கைப் பெயர்த்தபோது, முட்ட வைத்திருந்த பக்கத்தில் 7 தரை டைல்ஸ் ஓரம் உடைந்தன. அதே ரகத்தைத் தேடிப் போனால், இப்போது வந்திருப்பது வேறு ஷேடு. இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். கூலியும் பொருளுமாக 11,400 ரூபாய் மறுபடியும் செலவானது.

வேலை செய்தவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கறுப்புத் தரையை என் மாணவர்களுக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன். தரை வேலையில் தேர்ந்த கை இந்த மண்ணில் என்றும் உண்டு. நாம் கூலி பேசும் முறையில்தான் கோளாறு. தரைக்குச் சதுர அடிக் கணக்கு, ஸ்கர்ட்டிங்குக்கு நீள அடிக் கணக்கு, இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம். சரக்கு வராமல் நான்கு நாள் சும்மா இருந்தால் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? கையில் இருப்பதை ஒட்டி அந்த வாரக் கூலியை வாங்கத்தான் பார்ப்பார்கள். தரையையும் ஸ்கர்ட்டிங்கையும் ஒருவரிடமே பேசுங்கள், டைல்ஸ் முழுவதும் வீட்டுக்கு வந்த பிறகு அவரை வரச் சொல்லுங்கள் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நான்கைந்து டைல்ஸ் கூடுதலாக வாங்கி வைக்கவும் சொல்கிறேன்.

இந்த வேலை வரிசையை அனுபவமுள்ள ஒரு கொத்தனாரிடம் கேட்டு, படத்தோடு உங்கள் வீட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். தை பிறந்ததும் வீட்டு வேலை தொடங்க எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பங்கள் நாள் பார்த்திருக்கின்றன. அதற்குள் வந்தால் பத்திரிகையை நானே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்