கண்மாய் மண்ணும் கோல்ஃப் புல்வெளியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனைப்பிரிவு விளம்பரங்களில் கோல்ஃப் மைதானம் என்ற சொல் இப்போது கண்ணில் படுகிறது. மதுரைப் பக்கம் அப்படி ஒன்று அமைவதை நான் எதிர்க்கவில்லை; எந்த நிலத்தில், எந்தத் தண்ணீரில் என்பதே என் கவலை.

இந்த மைதானங்களில் நுணுக்கமான வேலை, குழி இருக்கும் 'கிரீன்' பரப்பில்தான். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பரிந்துரைக்கும் முறைப்படி அடியில் வடிகால் குழாய், மேலே சுமார் 10 செ.மீ. சரளை, அதற்கும் மேல் 30 செ.மீ. மணல் இட வேண்டும். மழை விட்ட மறுநாளும் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும் எங்கள் கண்மாய்க் களிமண் நீரைத் தேக்குவதற்கு ஏற்றது. அதன்மேல் இதைக் கட்டுவது, மண்ணோடு காலமெல்லாம் மல்லுக்கட்டுவதாகும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்தை 2010-11-இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் சீரமைத்தபோது, சுமார் 35 ஏக்கர் புல்லை அகற்றி, மணலும் காட்டுப்புல்லுமாக விட்டார்கள். சுமார் 1,150 ஆக இருந்த நீர்த்தெளிப்பான்கள் ஏறத்தாழ 450 ஆகக் குறைந்தன. 2014-இல் ஆண்கள், பெண்கள் என இரண்டு அமெரிக்க ஓபன் போட்டிகளும் அங்கேயே நடந்தன.

வெப்ப நாடுகளின் மைதானங்களில் பரவலாக வளர்க்கப்படும் பெர்முடா புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனமே. அதையும் பந்து விழும் பாதைக்கு மட்டும் வளர்த்து, மற்ற இடத்தை உள்ளூர்ச் செடிகளுக்கு விடலாம். கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் வரைபடத்தில் குறித்து, சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டே புல்லைப் பராமரிக்கும் திட்டத்துக்கு மட்டும் அதிகாரிகள் அனுமதி வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒத்தக்கடை, மதுரை.