பள்ளியின் குடிநீர் குறித்து பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளியில் புதிய குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பொருத்தியிருக்கிறோம். "இனி எல்லா மாசும் நீங்கிவிடுமா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். எந்த ஒரு வடிகட்டியாலும் எல்லாவற்றையும் நீக்க முடியாது. அதனால்தான் இதில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன.

முதலில் வண்டல் வடிகட்டி. துளைகள் 5 மைக்ரான் அளவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மணல், துரு, சேறு ஆகியவை அங்கே தங்கிவிடும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. தாராளமாக உள்ளே போய்விடும்.

அடுத்தது செயலூட்டப்பட்ட கரி. ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு வரும். கூடைப்பந்து ஆடுகளத்தைவிடப் பெரியது. குளோரின், வாடை, பூச்சிக்கொல்லி எச்சங்கள் பல அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இடம் தீர்ந்ததும் ஒட்டுவதும் நின்றுவிடும். குளோரின் நீங்கிய ஈரக் கரியில் பாக்டீரியா வசதியாக வளரும். காலம் கடந்தும் மாற்றாத கரி, தண்ணீரை முன்பைவிடக் கெடுத்துவிடக்கூடும்.

கரைந்த உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றுக்குக் கரி போதாது, ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வு வேண்டும். தண்ணீரை அழுத்தித் தள்ளும்போது உப்பின் பெரும்பகுதி சவ்வைத் தாண்டாமல் நின்று, ஒரு பங்கு தண்ணீரோடு கழிவாக வெளியேறும். அந்த நீரைக் கழிவறை கழுவப் பயன்படுத்துகிறோம். உப்பும் நச்சும் குறைவான தண்ணீர் வரும் வீடுகளுக்கு ஆர்.ஓ. வீண்செலவு என்பது என் கருத்து.

கடைசியில் புற ஊதா விளக்கு. சுமார் 254 நானோமீட்டர் அலைநீள ஒளி கிருமிகளின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கிறது. கலங்கிய நீரில் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும் என்பதால் விளக்குக்குக் கடைசி இடம் தந்திருக்கிறோம்.

வீட்டில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மின்கடத்துதிறனை அளந்து கரைந்த உப்பைக் கணிக்கிறது. கிருமியோ சிறிதளவு ஈயமோ இருந்தால் அதற்குத் தெரியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; ஆனால் நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் சற்று அடர்த்தியாகவும் ஆகும்.

கரியும் சவ்வும் மாற்றிய தேதிகளைக் கருவியின் அருகிலேயே எழுதி வைக்கிறோம். நீர்ப் பரிசோதனை அறிக்கையை அலுவலகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலையும், முக்கியமாக மூடியின் உட்புறத்தையும், தினமும் கழுவி அனுப்புங்கள். அந்த இடத்துக்கு எங்கள் கருவி எட்டாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்