அடுத்த விழாவிலாவது தமிழில் வசனவரி போடுங்கள்

திரைப்பட விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை நீங்கள் நடத்திய விருதுப் படங்களின் நாளைப் பற்றி எழுதுகிறேன். காலை முதல் இரவு வரை ஈரான், ஜப்பான், கொரியா, நம் ஊர் என்று படங்களை வரிசையாகத் திரையிட்டீர்கள். தேர்வில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உலகப் படங்களைக் காட்டிவந்த சிங்கப்பூரின் புரொஜெக்டர் திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு, இத்தகைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க உங்களைப் போன்றவர்களைத்தான் நம்பியிருக்கிறோம். அதனால்தான் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். வாசலில் இருந்த பதாகையில் தமிழ் உட்பட நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வரவேற்பு இருந்தது. உள்ளே, திரையில், வசனவரிகள் ஆங்கிலத்தில்தான் ஓடின, தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை.

என்னுடன் என் அத்தை வந்திருந்தார். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில் படித்தவர். 1982இல் அந்தப் பள்ளியை மூடினார்கள். அதில் படித்தவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அத்தை தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர், நூலகத்தில் நாவல்களை இரவல் எடுத்துக்கொண்டே இருப்பவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பலதுறை மருந்தகத்துக்கும் பேருந்துக்கும் போதும். சில விநாடிகளில் மறைந்துவிடும் இரண்டு வரிகளைப் படித்து, நடிப்பவரின் முகத்தையும் பார்ப்பதற்குப் போதாது.

முதல் படத்தில் நான் அவர் காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததில் தவறில்லை, அவரும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார். நிறுத்திவிட்டேன். அதன்பின் அத்தை வெறும் படத்தை மட்டும் பார்த்தார். அரங்கம் சிரித்தபோது என் முகத்தைப் பார்த்தார். பிற்பாதியில் அப்பாவும் மகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி வந்தது. சுற்றிலும் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அத்தை என் கையைப் பிடித்து, “யாரும்மா செத்துட்டாங்க?” என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை. மகள் வீட்டைவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். அந்தக் காட்சி முழுவதும் அந்த ஒரு வசனத்தில்தான் இருந்தது.

இடைவேளையில், “நீ இருந்து பாரும்மா, நான் கீழே உட்கார்ந்திருக்கேன்” என்றார். நாள் முழுவதற்குமான சீட்டு அவர் கைப்பையிலேயே இருந்தது.

உங்கள் அலுவலரிடம் இதைச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். “தமிழில் வேண்டும் என்று பெரிதாக யாரும் கேட்பதில்லை” என்று பதில் சொன்னார். புரியாது என்று தெரிந்து வராமலே இருப்பவர்கள் எப்படி வந்து கேட்பார்கள்? என் அத்தையைப் போன்ற மூத்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் தமிழ்நாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல சினிமாவைத் தேடித்தேடிப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. படத்தின்மேல் ஆங்கில வரி ஓடிக்கொண்டிருக்க, திரைக்குக் கீழோ பக்கத்திலோ தனியாக உள்ளூர் மொழி வரியை ஓட்டுவது வெளிநாட்டு விழாக்களில் பல காலமாக நடக்கிறது. வெனிஸில் செய்கிறார்கள், பூசானில் செய்கிறார்கள். படத்தின் பிரதியைத் தொடவே வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அப்படியே மொழிபெயர்த்தால் இரண்டு வரிக்குள் அடங்காது, சுருக்கி எழுதத் தெரிந்தவர் வேண்டும் என்பது உண்மைதான். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் படிக்கிறார்கள், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தமிழ் எழுதியே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டீர்களா?

2021இல் ராட்டர்டாம் விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ டைகர் விருது வாங்கியது. அங்கே எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்திருக்கும்? வசனவரியைப் படித்துத்தான் நம் வறண்ட காட்டையும் அந்த அப்பனையும் மகனையும் புரிந்துகொண்டார்கள். உலகம் நம் படத்தைப் படித்துப் பார்க்கும்போது, உலகத்தின் படத்தைத் தமிழில் படித்துப் பார்க்க எங்கள் பெரியவர்களுக்கு ஏன் வழியில்லை? சென்னையிலிருந்து வந்த எல். கிருஷ்ணன், 1950களில் இந்த ஊரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியிருக்கிறார். வேற்றுமொழிச் சினிமா எங்களுக்குப் புதிதல்ல.

எதற்கெடுத்தாலும் குத்துவிளக்குக்கும் பரதநாட்டியத்துக்கும் மட்டும் தமிழரை அழைக்கிறார்கள். விளக்கு அணைந்து படம் தொடங்கியதும் நாங்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. இந்த ஊரில் பல மேடைகளில் இதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். அந்தச் சலிப்பை எல்லாம் உங்கள்மேல் கொட்டுவது நியாயமில்லை. கேட்க வந்ததை மட்டும் கேட்கிறேன்.

தமிழில் வசனவரி போடுங்கள். எல்லாப் படங்களுக்கும் உடனே முடியாது என்றால், அடுத்த விழாவில் இரண்டு மூன்று படங்களுக்குப் போடுங்கள். அவற்றில் ஒன்றையாவது ஞாயிறு பிற்பகலில் வையுங்கள், ஊழியர்களும் வர முடியும். எந்தப் படங்கள் என்பதை ஒரு மாதம் முன்னதாகத் தமிழ் முரசிலும் ஒலி 968 வானொலியிலும் அறிவியுங்கள். எழுதிய வரிகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
விழாவுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்