விளைச்சல் விழுக்காட்டை எதனால் வகுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் பினாங்கில் நடந்த மாணவர் அறிவியல் கண்காட்சி ஒன்றில், நம் பிள்ளைகள் சிலர் கெராங் சிப்பி ஓட்டிலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் தயாரித்துக் காட்டியிருந்தனர். எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் கனிமத்தோடு நெருங்கிய சேர்மம் அது. சார் குவே தியாவ் எனும் வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடைகளில் வீணாகும் ஓட்டை வைத்து இதைச் செய்ய முனைந்ததைப் பார்த்து உள்ளம் பூரித்தேன். ஆனால், அவர்களின் விளக்கப் பலகையில் விளைச்சல், அதாவது கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய எடையில் உண்மையில் கிடைத்த பங்கு, 157 விழுக்காடு என்று எழுதியிருந்தது. மதிப்பிட வந்த பெரியவர்களும் அதைக் கேளாமல் கடந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது.

ஓட்டைச் சுட்டுக் கிடைத்த 56 கிராம் சுண்ணாம்பிலிருந்து (கால்சியம் ஆக்சைடு) 88 கிராம் தூள் வந்ததால், அவர்கள் 88ஐ 56ஆல் வகுத்திருந்தனர். கூடிய எடை பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து வந்தது என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேதியியல் அளவு. பத்து மோல் கால்சியமும் ஆறு மோல் பாஸ்பேட்டும் சேர்ந்தால்தான் ஒரு மோல், அதாவது ஏறத்தாழ 1004.6 கிராம், ஹைட்ராக்ஸிஅபடைட் உருவாகும். 56 கிராம் சுண்ணாம்பு ஒரு மோல் என்பதால், கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடியது சுமார் 100.5 கிராம், எனவே அவர்களின் உண்மையான விளைச்சல் 87.6 விழுக்காடு. பள்ளி ஆய்வகத்துக்கு அது பாராட்டத்தக்க அளவு.

இதில் ஒரு வியப்பும் உண்டு. சுடாத ஓட்டின் எடையால் வகுத்தால் விடை கிட்டத்தட்டச் சரியாகவே வந்துவிடும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுடும்போது கார்பன் டை ஆக்சைடாக 44 கிராம் வெளியேறுகிறது; பின்னர் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து ஏறக்குறைய அதே எடையை ஈடுசெய்கின்றன. தற்செயலாகப் பொருந்தும் இந்த விடையை நம்பிப் பழகிய மாணவர், எடை இப்படிப் பொருந்தாத கால்சியம் நைட்ரேட்டை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டால் தடுமாறிப்போவார்.

அமிலத்தை நிறுப்பதில் நேரும் பிழையோ இன்னும் எளிதில் கண்ணுக்குப் படாது. ஒரு மோல் சுண்ணாம்புக்குத் தூய பாஸ்பாரிக் அமிலம் 58.8 கிராம் வேண்டும். புட்டியில் இருப்பது 85 விழுக்காட்டுக் கரைசல் என்றால் அதில் 69 கிராமுக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். அதை மறந்து 58.8 கிராமையே ஊற்றினால், முதலில் தீர்ந்துபோவது அமிலம்தான். அப்போது 85 கிராமளவே ஹைட்ராக்ஸிஅபடைட் உருவாகும். வினைபுரியாத நீற்றுச் சுண்ணாம்பு 11 கிராம் அதில் கலந்திருக்கும். தராசு 96 கிராமுக்கு மேல் காட்டும். பிள்ளைகளோ நல்ல விளைச்சல் என்று மகிழ்ந்துவிடுவர். வடிகட்டிய தூளை எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தாமல் நிறுத்தாலும் இதே கதைதான். அங்கே எடையைக் கூட்டுவது தண்ணீர்.

எனவே, இத்தகைய கண்காட்சிகளை நடத்துவோர், எந்த மூலப்பொருளை அடிப்படையாகக் கொண்டு விளைச்சல் கணக்கிடப்பட்டது, தூள் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் உலர்த்தப்பட்டது என்னும் இரண்டு விவரங்களையும் ஒவ்வொரு பலகையிலும் எழுதச் சொல்ல வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.