பழைய எடை நோட்டு

தங்கச்சிமடம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. இங்கே தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். நாட்டுப்படகு மீனுக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. சூடை மட்டும் கைக்கு எட்டுகிறது.

பேரன் ஆறு வயதிலேயே குண்டாகிறான், 'வளரும்போது தானாக வற்றிவிடும்' என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வற்றும் வயது வேறு. ஒரு வயதையொட்டிக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். ஓடி ஆட ஆரம்பித்ததும் சதை குறைந்து, ஐந்தாறு வயதில்தான் ரொம்ப ஒல்லியாகத் தெரியும். அப்புறம் மறுபடி சதை பிடிக்கும். அந்தத் திருப்பம் மூன்று, நான்கு வயதிலேயே வந்துவிட்டால் பிற்காலத்தில் பருமனாக வாய்ப்பு அதிகம். அதனால் எத்தனை கிலோ என்பதைவிட எப்போது ஏற ஆரம்பித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பி.டி. வாத்தியாராக இருந்தபோது நான் எழுதிய எடை நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 24 கிலோ இருந்த ஒருவன், விடியற்காலையில் இடுப்பில் கயிறு கட்டிக் கரைவலை இழுத்துவிட்டு, காலில் மணலோடு வகுப்புக்கு வருவான். போன வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனும் ஏழாம் வகுப்புதான், 46 கிலோ. வேனில் போய் வேனில் வருகிறான், கையில் சிப்ஸ் பாக்கெட். அப்பன் நோட்டைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 24 கிலோ பட்டினிக் கணக்கு, அதையும் நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன்.

உலகம் முழுக்க இதே கதைதான். 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் உள்ளவர்கள் 1990ல் சுமார் 3.1 கோடி, 2022ல் கிட்டத்தட்ட 16 கோடி. ஒல்லிப் பிள்ளைகளையும் நம்ப முடியாது. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5. குறைந்த எடையில் பெரும்பங்கு தசையில்தான் போயிருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தராசுக்கு இதெல்லாம் தெரியாது.

என் பேத்திக்குப் பதின்மூன்று. இரண்டாவது மீன் துண்டை எடுக்கப் போனவள், அம்மா முறைத்ததும் கையை இழுத்துக்கொண்டாள். மருமகளிடம் அன்றைக்குச் சண்டையே போட்டேன். வயதுக்கு வரும் காலத்தில் பையன்களுக்குத் தசை கூடிக் கொழுப்பின் பங்கு குறையும், பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்பு கூடும். அது இயற்கை. அதற்கெல்லாம் மீனைப் பிடுங்குவதா? கலர் பாட்டிலைப் பிடுங்கு, சரி என்கிறேன்.

பேரனின் தடுப்பூசி அட்டையில் பிறந்ததிலிருந்து எடை குறித்திருப்பார்கள். பள்ளியில் எடுத்த உயரம், எடை இருந்தால் அதையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு. உட்கார்ந்து கோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அவன் காதுபட 'குண்டன்' என்று யாரும் கூப்பிட வேண்டாம், நீயும்தான்.

உன்,
அந்தோணி