ஆற்றில் வைத்த பறி: மிகைபுனைவுக் காதல் நாவல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். இளையோருக்கான மிகைபுனைவுக் (ஃபேன்டஸி) காதல் நாவல்களைத் தேர்ந்தெடுத்து, செப்பனிட்டு, அச்சுக்கு அனுப்புகிறவர்கள் என்ற முறையில் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். எழுத்தாளர்களை விட்டுவிட்டு உங்களிடம் வருவதற்குக் காரணம் உண்டு. என் மனக்குறைகளில் பெரும்பாலானவை, கைப்பிரதியின் ஓரத்தில் யாராவது ஒருவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தால் தீர்ந்திருக்கக் கூடியவை.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பதின்பருவத்தைக் கடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த நாவல்களை விடியும்வரை படித்துவிட்டு மறுநாள் கண்ணெரிச்சலோடு வேலைக்குப் போன நாட்கள் எனக்குப் பல உண்டு. 2005-இல் வெளிவந்த, இரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையான ட்வைலைட் தொடங்கி இன்று ரொமான்டஸி (காதலும் மிகைபுனைவும் கலந்தது) என்ற பெயரோடு அடுக்கி வைக்கப்படும் நூல்கள் வரை கைக்கு வந்தவற்றையெல்லாம் படித்திருக்கிறேன். இவற்றைப் படித்ததே இல்லாமல் 'பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்களோடு வாதிட்டு வாய் வலித்ததும் உண்டு. ஆகவே, இதை வேண்டாதவளின் குற்றப்பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டியவளின் ஊடலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் படித்த ஒரு தொடரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். குறை சொல்லப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகை நாவல்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பெயர் தேவையும் இராது. கதாநாயகி படகோட்டியின் மகள். முதல் அத்தியாயத்தில், விடியும் முன், முழங்காலளவு நீரில் நின்று ஆற்றின் வளைவில் மீன்பிடிக்கும் பறியை வைக்கிறாள். நீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லத் தெரிந்தவள், வலையின் கிழிசலை இருட்டிலும் விரலால் தடவி முடிச்சிடத் தெரிந்தவள். பறியை வைத்துவிட்டுக் கரையேறும்போது அரசனின் வீரர்கள் வந்து அவளைப் பிடித்துச் செல்கிறார்கள். இந்தப் பத்துப் பக்கங்களைப் படித்தபோது, நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, நம் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காட்சி வருகிறது. பகைநாட்டு இளவரசன் விலாவில் காயத்தோடு உட்கார்ந்திருக்கிறான். நேற்றுவரை அவனைக் கொல்ல நினைத்திருந்தவள் வெந்நீரும் ஊசியும் எடுத்து வருகிறாள். காயத்தைத் தைப்பதற்கு அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார வேண்டும். பகைவனிடம் முதுகைக் காட்டுவது என்றால் என்ன என்பது இருவருக்கும் தெரியும்; ஆகவே இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. அவள் தைத்து முடித்து, வலைக்குப் போடும் அதே முடிச்சைப் போடுகிறாள். 'இது அவிழாதா?' என்று கேட்கிறான். 'மீன் துள்ளினாலும் அவிழாது' என்கிறாள். அவ்வளவுதான். காதல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. இதே காட்சியை எத்தனையோ நாவல்களில் எத்தனையோ வடிவங்களில் படித்திருந்தும் எனக்கு அன்று புதிதாகவே இருந்தது. மிகைபுனைவும் காதலும் ஏன் இத்தனை பொருத்தமான இணை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒருவரை நம்புவது உண்மை வாழ்வில் மனத்தளவில் மட்டுமே ஆபத்தானது. இந்த உலகங்களிலோ அது உயிராபத்து. தன் உடலையும் சினத்தையும் கண்டு தானே அஞ்சும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, தொட்டதை எரித்துவிடும் ஆற்றல் கொண்ட கதாநாயகி வெறும் கற்பனைப் பாத்திரமல்ல என்பதும் எனக்குப் புரிகிறது.

இத்தனை செய்யத் தெரிந்தவர்கள் அடுத்த முந்நூறு பக்கங்களில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. தையல் போட்ட அந்தக் கைகளுக்கு அதன்பிறகு வேலையே இல்லை. ஆற்றைப் பற்றி அத்தனை அறிந்தவள், ஆற்றைக் கடந்து தப்பியோடும் காட்சியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சி நிற்கிறாள். படகோட்டியின் மகள் என்பதை எழுதியவர் மறந்திருக்கலாம், எழுதுகிறவர்கள் மறப்பார்கள். நினைவூட்ட வேண்டியவர் நீங்கள் அல்லவா? அவளுடைய அறிவு கரைந்த இடத்தையெல்லாம் அவனுடைய தாடை நிரப்பிவிட்டது. அவன் தாடை இறுகுகிறது, தளர்கிறது, மீண்டும் இறுகுகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன், பதினேழாவது கோட்டோடு நிறுத்திவிட்டேன். தன்னை அறியாமல் அடக்கி வைத்திருந்த மூச்சை அவள் வெளியே விட்ட இடங்களை எண்ணத் தொடங்கவில்லை. எனக்கும் மூச்சு முட்டியிருக்கும்.

நாட்டின் கதியும் இதுதான். நூலின் தொடக்கத்தில் இரண்டு பக்கங்களுக்கு விரித்து வரைந்த நிலப்படம் இருக்கிறது; ஆறுகளுக்கும் மலைகளுக்கும் அழகான பெயர்கள் இருக்கின்றன. வரி கட்ட முடியாத மீனவர்களின் படகுகளைக் கரையிலேயே எரிக்கும் காட்சி மூன்றாம் அத்தியாயத்தில் வந்தபோது, இது அதிகாரத்தைப் பற்றிய நாவல் என்று நம்பினேன். அரண்மனை நடனத்துக்கு அவள் உடுத்திய ஆடைக்கு நான்கு பக்கங்கள் கிடைத்தன. எரிந்த படகுகளுக்கு, இறுதியில், 'புதிய அரசி வரியை நீக்கினாள்' என்ற ஒரு வரி கிடைத்தது. ஆடை வருணனையை நானும் விரும்பித்தான் படித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பட்டினியைக் கதைக்குள் கொண்டுவந்தவர்கள், அதை மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக மட்டும் வைத்துக்கொள்வது சரியாகப்படவில்லை.

'எனிமீஸ் டு லவர்ஸ்' என்று நீங்கள் விளம்பரத்தில் போடும் வகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பகை காதலாக மாறுவது எனக்கு மிகவும் பிடித்த கதைப்போக்கு. ஊடல் என்று நாம் அழைப்பது, இருவரும் சமமாக நின்று, எவ்வளவு தூரம் போகலாம் என்று இருவருக்கும் தெரிந்து நடத்துவது. அவளைப் பிறர்முன் இழிவாகப் பேசுவதும், அவளுக்கு வந்த மடல்களை ஒளித்து வைப்பதும், 'உன் நன்மைக்காக' என்று சொல்லிக் கதவைப் பூட்டுவதும் ஊடலில் சேராது. இவற்றைச் செய்பவனை வைத்துக் கதை எழுதக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இருண்ட பாத்திரங்களை வாசிக்கும் உரிமை இளையோருக்கும் உண்டு. அவன் பூட்டிய கதவைப் பற்றி அவள் ஒரு முறையாவது சினம் கொண்டிருக்க வேண்டும், அவன் ஒரு முறையாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். ட்வைலைட்டின் நாயகன் 1901-இல் பிறந்தவன். இரத்தக்காட்டேரியாகி 17 வயதிலேயே மூப்பின்றி நின்றுவிட்டவன். அவனுக்குப் பின்வந்த நாயகர்கள் ஐந்நூறு ஆண்டுகூட வாழ்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்கும் நாயகிக்கும் உள்ள வயது இடைவெளியைப் பலரும் பேசிவிட்டார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று: ஐந்நூறு ஆண்டுகளில் ஒருவன் மன்னிப்புக் கேட்கக்கூடவா கற்றுக்கொள்ளவில்லை?

வயதைப் பற்றிய என் உண்மையான புகார் உங்கள் அட்டைகளைப் பற்றியது. இளையோர் நூல் என்றால் பொதுவாக 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கானது என்று கொள்ளப்படுகிறது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஒரு வாழ்நாளே இருக்கிறது. 2009-இல் அமெரிக்கப் பதிப்பகமான செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் பதின்பருவம் கடந்த இளைஞர்களுக்கான நூல்களுக்கு 'நியூ அடல்ட்' என்ற பெயரை முன்வைத்தபோது, இந்த இடைவெளிக்கு ஒரு வழி பிறந்ததாகத் தோன்றியது. ஆனாலும் 2015-இல் இளையோர் நூலாக வெளிவந்த எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ், 2020-இல்தான் பெரியவர்களுக்கான புதிய அட்டையோடு மறுபதிப்பாக வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அதை இளையோர் அடுக்கிலிருந்து எடுத்துச் சென்றவர்களின் வயதை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

இதை எழுதத் தூண்டியதும் அப்படியொரு நிகழ்ச்சிதான். நான் மேலே சொன்ன தொடரின் முதல் பாகத்தை மட்டும் படித்துவிட்டு, அட்டையில் இளையோருக்கானது என்று இருந்ததை நம்பி, பதின்மூன்று வயதான என் அக்காள் மகளுக்கு இரண்டு பாகங்களையும் சேர்த்தே கொடுத்தேன். இரண்டாம் பாகம் வேறொரு வயதினருக்கு எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தவள், 'சித்தி, இதை நீங்கள் படித்துவிட்டுத்தான் கொடுத்தீர்களா?' என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டைவிடக் கூச்சமே மிகுதியாக இருந்தது. இதற்குத் தடையோ தணிக்கையோ மருந்தாகாது. 2023-இல் வெளிவந்த ஃபோர்த் விங், பெரியவர்களுக்கான நூல்தான் என்றாலும், போர், வன்முறை, பாலுறவு ஆகியவை உள்ளே இருப்பதைத் தொடக்கத்திலேயே, கதையின் தொனியிலேயே, ஒரு சிறு குறிப்பாகச் சொல்லிவிடுகிறது. ஒரு பத்தி போதும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே அதைச் செய்ய உங்களுக்கு என்ன தடை இருக்க முடியும் என்று விளங்கவில்லை. பக்கங்களின் விளிம்புக்கு வண்ணம் பூசவும், அட்டையில் பொன்னெழுத்துப் பொறிக்கவும் செலவிடுகிற கவனத்தில் சிறு பங்கு போதுமே.

அத்தொடரின் மூன்றாம் பாகம் இப்போது உங்களில் ஒருவரின் மேசையில் இருக்கும் என நினைக்கிறேன். வெளிவரும் நாளிலேயே வாங்கிவிடுவேன். தாடை இறுகினால் இறுகட்டும். ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். ஆற்றின் வளைவில் அவள் வைத்துவிட்டு வந்த பறி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது; இரண்டு பாகங்களாக அதை எடுத்துப் பார்க்க யாரும் போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நூல்களின் நெடுநாள் வாசகி